கோடைக்கானல் ஏரியும் லெவிஞ்ச் துரையும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்று பழனி மலைத்தொடரின்மீது மோதுங்காலத்துக் கோடைக்கானலில் பெய்யும் மழை சாமானியமானதன்று. ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள அவ்வூரில் வருஷத்திற்குச் சராசரி 65 அங்குலம் மழை பெய்கிறது. சுற்றிலும் மேடுகள், நடுவில் ஒரு பள்ளம் என்றிருக்கும் அந்நகரில் தெருக்களிலும் கூரைகளிலும் தோட்டங்களிலும் விழும் மழைநீரின் பெரும்பகுதி அப்பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. அப்பள்ளத்தில் இன்று ஓர் ஏரி இருக்கிறது. அதனை உண்டாக்கியவர் மதுரை ஜில்லாவில் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற ஆங்கில உத்தியோகஸ்தர்.

அன்னிய ஆட்சியின் அதிகாரி ஒருவரது சரித்திரத்திற்கு இப்பக்கத்தில் இடமளிப்பானேன் என்று நமது அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஒருவர் செய்த நற்காரியத்தை அவர் பிறந்த தேசத்தைக் கொண்டு எடைபோடுவது நமது வழக்கமன்று. அவர் காரியத்திலுள்ள குறைகளை முகத்தாட்சணியத்திற்காக மறைப்பதும் நமது வழக்கமன்று. மேலும் அவ்வேரியின் கதி இப்பொழுது நம்மவர் கையிலேயே இருக்கின்றமையால், அது எவ்விதம் உண்டாயிற்று என்பதை அறிவது நமக்கு அவசியமாகிறது.

லெவிஞ்ச் 1819-ம் வருஷம் பிறந்தவர். அவருடைய குடும்பம் அயர்லாந்து தேசத்தில் வெஸ்ட்மீத் என்னும் பிரதேசத்தில் நிலமும் பட்டமும் பெற்றிருந்த குடும்பம். அயர்லாந்து தானே இங்கிலாந்தின் ஆட்சிக்குட்பட்டுத் தவித்துக்கொண்டிருந்த தேசமெனினும், லெவிஞ்சின் முன்னோர் ஆளப்பட்டவர் பக்கத்தைச் சேர்ந்தவரல்லர், ஆள்பவர் பக்கத்தவர். மூத்த பிள்ளைக்கே பட்டமும் நிலமும் என்பது அந்நாட்டு முறை. இளையவர்களுக்குக் கடல் கடந்த உத்தியோகங்கள் பெரும் புகலிடமாயிருந்தன. லெவிஞ்சும் சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகத்தில் அமர்ந்து, 1860-க்குப் பிந்திய சில வருஷங்கள் மதுரைக் கலெக்டராக விளங்கினார். அக்காலத்து மதுரை ஜில்லா இன்றையதைப்போல் சிறியதன்று. திண்டுக்கல், பெரியகுளம், பழனி ஆகிய பகுதிகளும், இராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்களும் அதில் அடங்கியிருந்தன. கம்பெனி ஆட்சி 1858-ல் முடிந்து ராணியின் ஆட்சி ஏற்பட்டிருந்த சமயம் அது.

கோடைக்கானலைக் கண்டுபிடித்தவர் லெவிஞ்ச் என்று சிலர் கருதுவது தவறு. பளியர் முதலிய மலைவாசிகளும், பூம்பாறை, வில்பட்டி முதலிய கிராமங்களின் குடியானவர்களும் அம்மலையில் முன்னரே வாழ்ந்துவந்தனர். 1821-ல் வார்டு என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் மலையை அளந்து சென்றார். காலராவினாலும் விஷசுரத்தினாலும் தம்மவர்களைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்கப் பாதிரிமார் 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினர். எனவே நோய்க்கு அஞ்சி ஏறியவர்களாலேயே அவ்வூர் நகரமாகத் தொடங்கிற்று. ஆனால் அவர்கள் குடியேறிய மேடுகளின் நடுவிலோ, ஓடைகள் வந்து தேங்கிச் சேறாய்க் கிடந்த சதுப்பு நிலமிருந்தது.

அச்சதுப்பை என்ன செய்வது? வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு உலர்ந்த நிலமாக்கலாம். அல்லது கரையிட்டு நீரைத் தேக்கலாம். லெவிஞ்ச் இரண்டாவது வழியைக் கைக்கொண்டார். 1863-ல் பள்ளத்தின் வாய்ப்புறத்தில் கரை போட்டு ஓடைகளை மறித்தார். ஏறக்குறைய 60 ஏக்கர் பரப்பும் சுமார் மூன்று மைல் சுற்றளவும் உள்ள ஏரி எழுந்தது. சர்க்கார் பணத்தை எதிர்பாராமல் தமது கைப்பணத்தையே அவர் செலவிட்டார் என்பது அவ்வூரில் நெடுங்காலமாய் வழங்கும் வரலாறு.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமலிருக்க மனம் வரவில்லை. ஓடையை மறித்துக் கரையெழுப்புவதும், மிகுந்த நீர் கரையை உடைக்காதபடி கலிங்கு வைப்பதும், வேண்டியபொழுது திறக்க மதகு அமைப்பதும் அயர்லாந்திலிருந்து வந்த வித்தையல்ல. மதுரைச் சீமையில் கலெக்டராயிருப்பவர் எந்தத் திசையில் குதிரையைச் செலுத்தினாலும் ஏரிக்கரைமீதே ஏறி இறங்கவேண்டியிருக்கும். கண்மாய் வெட்டியும் கரை கட்டியும் மழைநீரை மறித்து வாழ்ந்த நாடு இது. அக்கண்மாய்களைக் கிராமத்தார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து வழக்கம் கம்பெனி ஆட்சியில் சீர்குலைந்தது. பிறகு 1858-ல், வேலைக்கு வராதவரைத் தண்டிக்கலாமென்று சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. தானே தளரவிட்ட வழக்கத்தைச் சட்டத்தால் நிமிர்த்த முயன்ற விந்தையை என்னென்பது! கீழே ஆயிரக்கணக்கான கண்மாய்கள் பழுதுபார்க்க ஆளின்றி மண்மேடிட்டு வருகையில், மலையின்மேல் வெள்ளையர் உலாவும் இடத்தில் புதிய ஏரியொன்று எழுந்தது. இது லெவிஞ்ச் ஒருவரின் குற்றமென்று நாம் கூறவில்லை. அவர் ஊழியம் செய்த ஆட்சியின் கண் எப்பக்கம் பார்த்தது என்பதையே காட்டுகிறோம்.

ஏரி நிரம்பியபின் லெவிஞ்ச் அதில் மீன் வளர்க்க ஏற்பாடு செய்தார். முதற் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார். மலையேற வண்டிப்பாதை இல்லாத காலம் அது. பெரியகுளத்திற்கருகே அடிவாரத்திலுள்ள கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து துரைமார் குதிரையிலும் டோலியிலும் ஏறுவர். சாமான்கள் கூலியாட்களின் தலைமீதும் தோள்மீதும் ஏறும். கடற்கரைப் படகொன்று ஏழாயிரம் அடி உயரத்திற்கு வந்ததும் அத்தோள்களினாலன்றி வேறெவ்விதமுமன்று. கரைக்கு மண் சுமந்தவர்களையும் படகைச் சுமந்தவர்களையும் பற்றி எந்தக் குறிப்பிலும் பெயர் காணோம்.

இத்தகைய ஏரி வேறு மலைவாசங்களிலும் உண்டு. உதகமண்டலத்தில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஸல்லிவன் 1820-களில் ஏரி அமைத்தார். இலங்கையில் நுவரேலியாவில் கவர்னர் கிரிகரி 1873-ல் அமைத்தார். மூன்றும் ஊரின் தாழ்ந்த பாகத்தில் அமைந்தவை. உதகை ஏரியில் நகரின் கழிவுநீர் புகுந்து அது நாறிப்போன செய்தியைத் தமிழ்நாடு நன்கறியும். ஊரின் அடியில் ஏரி வைப்பவர், ஊர் பெருகினால் சாக்கடை எங்கே போகும் என்று எண்ணியாகவேண்டும். லெவிஞ்ச் அவ்வளவு தூரம் எண்ணவில்லை. சில பங்களாக்களும் புல்மேடுகளுமே கண்ணுக்குத் தெரிந்த காலத்தில் எண்ணத் தோன்றவுமில்லை போலும்.

உத்தியோகத்தினின்று விலகியபின் மற்றத் துரைமார்களைப்போல் அவர் கப்பலேறிவிடவில்லை. கோடைக்கானலிலேயே தங்கி, அவ்வூரின் அபிவிருத்தியில் கருத்தைச் செலுத்தினார். பென்ஷன் பணத்தைத் தாய்நாட்டிற்குக் கொண்டுபோவோரே மிகுந்திருந்த அக்காலத்தில் இது சாதாரணச் செய்கையன்று. இதற்காக அவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூரை எட்டியது. மலைக்கு வருவோர் தொகை வளர்ந்தது. அடுத்த ஆண்டே தாது வருஷப் பஞ்சம் தொடங்கி, 1878 வரை சமவெளியில் ஜனங்களை வாரிக்கொண்டுபோயிற்று. மேலே ஏரியும் கீழே வறண்ட கண்மாயுமாய் ஒரே ஜில்லா இருந்ததை நினைக்கையில் நெஞ்சு கசக்கிறது. 1884-ல் தமையனார் காலமாகவே, குலப்பட்டம் லெவிஞ்சுக்கு வந்தது. ஸர் வியர் லெவிஞ்ச் என்று நாம் இன்று அழைப்பவர் ஏரி கட்டியபொழுது வெறும் லெவிஞ்ச்தான். பட்டத்தை ஒரு வருஷமேனும் நன்கு அனுபவித்தாரில்லை, 1885-ல் காலஞ்சென்றார். அவர் ஞாபகார்த்தமாகக் கற்சிலுவை ஒன்று கோடைக்கானலில் நாட்டப்பட்டிருக்கிறது.

அவருக்குப் பின் 1899-ல் நகரசபை ஏற்பட்டது. 1916-ஐ ஒட்டி மோட்டார்ப் பாதை திறந்தது. புல்வெளிகளாயிருந்த மேடுகளில் சீகை, யூகலிப்டஸ், பைன் மரங்கள் பெருந்தொகையாய் நடப்பட்டன. சோலைக் காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி மெல்ல மெல்ல ஓடையில் விடுபவை என்பதும், லெவிஞ்ச் பாழ்நிலமென்று மூழ்கடித்த சதுப்பும் அப்பஞ்சின் ஒரு பகுதியே என்பதும் பிற்காலத்தாரே உணர்ந்த உண்மைகள். பஞ்சு குறைந்த இடத்தில் கூரையும் தாரும் சிமெண்டும் வந்தன. ஒரு கணக்குப் பார்ப்போம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரங்குல மழை பெய்தால் அது 3,630 கன அடி நீர். புல்லும் மரமும் உள்ள ஏக்கராயின் அதில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கும். கட்டடமும் சாலையும் மூடிய ஏக்கராயின் ஏறக்குறைய முழுவதும் அந்நாழிகையிலேயே ஏரிக்கு ஓடிவரும். 60 ஏக்கர் இப்படி மூடப்பட்டால், ஓரங்குல மழைக்கு ஏரி ஓரங்குலம் உயரவேண்டும். மூடப்படும் ஏக்கர்கள் கூடக்கூட, கலிங்கின் வேலையும் கூடுகிறது. வரும் நீர் தனியே வருவதுமில்லை. வெட்டிய மேட்டின் மண், விடுதிகளின் கழிவு, யாத்திரிகர் எறிந்த குப்பை யாவும் அதனுடன் வருகின்றன. மண் படியப்படிய ஏரி ஆழங்குறைந்து, அடுத்த மழையைத் தாங்கும் சக்தி தேய்கிறது. கழிவில் நீர்ப்பூண்டுகள் செழிக்கின்றன. 2001-ல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையின் விளைவை ஆராய்ந்தவர்கள், ஏரியின் சேற்றிலும் மீனிலும் பாதரசம் ஏறியிருக்கக் கண்டனர். லெவிஞ்ச் ஆசையோடு விட்ட மீனின் வமிசத்திற்கு நேர்ந்த கதி இது!

ஏரி நிரம்பி வழியும் நீரே மலைப்பாதையில் சுமார் 180 அடி வீழ்ந்து வெள்ளி அருவியாகிறது. அங்கே நின்று படம் பிடித்துக்கொள்வோரில் எத்தனை பேர், மேலேயுள்ள நகரின் வடிகால் கண்முன் விழுகிறதென்று நினைக்கிறார்களோ அறியோம். 2018 நவம்பரில் கஜாப் புயல் அம்மலையைக் கடந்தபொழுது மரங்கள் முறிந்து மண் சரிந்து பாதைகள் அடைபட்டதைக் கண்டவர்கள், மழைநீர் தன் வழியை மறந்துவிடாதென்பதை ஒப்புக்கொள்வார்கள்.

இன்று நகரசபை நம்மவருடையது, வாக்கும் நம்முடையது. பிரிட்டிஷார்மீது பழிபோட்டுத் தப்பும் காலம் 1947-லேயே கழிந்தது. மழைநீர் ஓடும் கால்வாய் வேறு, கழிவு ஓடும் குழாய் வேறு என்று பிரிப்பதே முதல் வேலை. இரண்டும் கலந்தபின் ஏரியைத் தூர்வாருவது, ஓட்டைப் பானையில் நீர் மொள்வதற்கொப்பாகும். ஏரிக்கு வரும் ஓடைகளின் இருகரையிலும் கட்டடம் எழும்பாமல் காப்பதும், ஒவ்வோர் ஓடைவாயிலும் மண் படிய ஒரு குழி வைத்து வருஷந்தோறும் அள்ளுவதும் பெருஞ்செலவுக் காரியங்களல்ல. ஆனால் அவ்விடங்களில் மனை வைத்திருப்போர் செல்வாக்குள்ளவர்கள். சங்கடம் அங்கேதான் இருக்கிறது. கோடைக்கானலிலுள்ள நமது தொண்டர்கள் ஐப்பசி மழைக்கு முன் ஓடைதோறும் நடந்து, எது எங்கே அடைபட்டிருக்கிறது, யாருடைய சுவர் எந்த ஓடைமீது நிற்கிறது என்று பட்டியல் எழுதி நகரசபையின் முன் வைக்கட்டும்.