தான் போட்ட சட்டத்தில் தானே சிக்கிய தலைவர்: யார் இந்த பெரிக்ளிஸ்?

அம்மா, அப்பா ரெண்டு பேருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. கி.மு. 451-ல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பெரிக்ளிஸ். அதுவரை அப்பா குடிமகனாக இருந்தாலே போதும்.

குடியுரிமை அங்கே வெறும் அடையாளம் இல்லை. மக்கள் சபையில் ஓட்டுப் போட, நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார, நிலம் வாங்க எல்லாத்துக்கும் அது வேண்டும். ஜூரிகளுக்குச் சம்பளம் கொடுத்து ஏழைகளையும் உள்ளே கொண்டுவந்தவர் இதே பெரிக்ளிஸ்தான். ஆனால் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து குடியேறியவர்களுக்கும் ஓட்டு கிடையாது.

மனைவியைப் பிரிந்த பெரிக்ளிஸ், மிலேட்டஸ் நகரிலிருந்து வந்த அஸ்பாசியாவுடன் வாழ்ந்தார். பிறந்த மகனுக்கும் பெரிக்ளிஸ் என்றே பெயர். அம்மா வெளியூர் என்பதால் மகனுக்குக் குடியுரிமை இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டதே அப்பாதான்!

கி.மு. 430-ல் ஏதென்ஸைக் கொள்ளைநோய் தாக்கியது. முதல் மனைவிக்குப் பிறந்த இரண்டு மகன்களும் இறந்துபோனார்கள். வாரிசில்லாமல் நின்றவர், இந்த மகனுக்கு மட்டும் விலக்கு கேட்டு மக்களிடம் போனார். மக்களும் மனமிரங்கிக் கொடுத்தார்கள். கி.மு. 429-ல் அவரும் இறந்தார்.

குடிமகனான அந்த மகன் பின்னாளில் தளபதியானார். கி.மு. 406-ல் அர்கினுசே கடற்போரில் ஏதென்ஸ் ஜெயித்தது. ஆனாலும், கடலில் தத்தளித்த சொந்த வீரர்களைக் காப்பாற்றவில்லை என்று தளபதிகள் மீது குற்றச்சாட்டு. மக்கள் சபை ஓட்டெடுப்பு நடத்தி அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. அதில் இளைய பெரிக்ளிஸும் ஒருவர்.

குடியுரிமை இல்லையென்றால் அவர் தளபதியாகவே ஆகியிருக்க முடியாது.