ஜோர்ஜ் முல்லரின் ஜெபமும் கணக்கும்

காலை ஆராதனையில் நாம் அடிக்கடி கேட்ட பெயர் ஜோர்ஜ் முல்லர். 1805இல் புருசியாவில் பிறந்தவர். சிறுவயதில், வரி அறவிடும் தந்தை வைத்திருந்த அரச பணத்தையே திருடினார். 16 வயதில், தங்கிய விடுதிக்குப் பணம் கொடாமல் சிறைக்கும் போனார். 1825இல் ஹாலே நகரில் ஒரு வீட்டில் நடந்த சிறிய ஜெபக்கூட்டம் அவரை மாற்றியது.

1836இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். எவரிடமும் பணம் கேட்பதில்லை, கடன்படுவதில்லை என்பது அவரது விதி. தேவையைக் கடவுளிடம் மட்டுமே சொன்னார். வந்த காசுக்கெல்லாம் கணக்கு எழுதி, அறிக்கையாக அச்சிட்டார். அரச பணத்தைத் திருடியவர் எழுதிய கணக்கு அது என்பதை ஆராதனையில் எவரும் நமக்குச் சொன்னதாக நினைவில்லை.

1857 நவம்பரில் இல்லத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகத் தொடங்கியது. திருத்துவதானால் நெருப்பை அணைக்க வேண்டும். வெளியே கடும் வாடைக்காற்று. உள்ளே 300 பிள்ளைகள். முல்லர் திருத்த வேலைக்கு நாள் குறித்தார். பின்பு தென்காற்று வேண்டுமென்றும், வருகிற ஆட்களுக்கு வேலைசெய்யும் மனம் வேண்டுமென்றும் ஜெபித்தார். முதல்நாள் மாலைவரை வாடைதான். குறித்த நாளில் தென்காற்று வீசியது. தொழிலாளர்களும் வீடு போகாமல் இரவிரவாக வேலைசெய்து முடித்தார்கள். காற்றைப் பற்றி எவரும் வாதிடட்டும். ஆட்களுக்குச் சொல்லிவிட்டு முழங்காலில் நின்றாரே, வைத்தியரான எனக்கு அதுதான் பிடித்தது.

பெண்பிள்ளைகளை 17 வயதுவரை வைத்திருந்து படிப்பித்தார். ஏழைகளுக்கு இவ்வளவு படிப்பு எதற்கென்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். 10,000 பிள்ளைகள் வரை அங்கே வளர்ந்தார்கள்.

1898 மார்ச்சில் இறந்தபோது, சுமார் 15 இலட்சம் பவுண் அவர் கைவழியே போயிருந்தது. அவருக்கென்று இருந்த உடைமைகளின் பெறுமதி 170 பவுணிலும் குறைவு.