பேர்ள் துறைமுகத்தின் சிதைவிலிருந்து: அட்மிரல் செஸ்டர் நிமிட்ஸ்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ஓக்லண்டையும் சான் ஹோசேயையும் இணைக்கும் 880ஆம் இலக்க நெடுஞ்சாலையில் தமிழர்கள் பலரும் அன்றாடம் வேலைக்குச் சென்று வருகின்றனர். அந்தச் சாலை நிமிட்ஸ் என்ற பெயரைத் தாங்கியுள்ளது. 1941ல் ஜப்பானின் திடீர்த் தாக்குதலில் நிலைகுலைந்த அமெரிக்கப் பசிபிக் கடற்படையைப் பொறுப்பேற்ற அட்மிரலின் பெயர் அது.

செஸ்டர் நிமிட்ஸ் 1885 பிப்ரவரி 24ஆம் தேதி, கடலுக்கு வெகுதொலைவில் உள்ள டெக்சாஸின் ஃபிரெடரிக்ஸ்பர்க் என்ற ஊரில், ஜெர்மானியக் குடியேறிகளின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை இறந்துவிட்டார். தரைப்படைக் கல்லூரியில் சேரவே விரும்பினார். அங்கே இடம் கிடைக்காததால் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரிக்குச் சென்றார்.

1905ல் டோக்கியோவில் நடந்த விருந்தொன்றில், ரஷ்யக் கடற்படையை வென்ற ஜப்பானிய அட்மிரல் டோகோவை இளம் நிமிட்ஸ் சந்தித்தார். வாழ்நாள் முழுவதும் அவர்மீது மதிப்பு வைத்திருந்தார். அதே டோகோவின் கப்பல்கள்தான் 1904ல், போர்ப் பிரகடனத்துக்கு முன்பே, ஆர்தர் துறைமுகத்தில் ரஷ்யக் கப்பல்களைத் தாக்கியிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே நாளில் மாறிய நாடு

1941 ஆகஸ்டில் கட்டாய ராணுவ சேவைக் காலத்தை நீட்டிக்கும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. பிறர் போரில் தலையிட விரும்பாதோர் அந்நாட்டில் அவ்வளவு பேர் இருந்தனர். டிசம்பர் 7ஆம் தேதி ஞாயிறு காலை ஹவாயின் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. 2,403 அமெரிக்கர்கள் உயிரிழந்தனர். மறுநாள் அதே சபை 388க்கு 1 என்ற கணக்கில் போருக்கு இசைவளித்தது. எதிர்த்து வாக்களித்தவர் மொன்டானாவின் ஜெனட் ராங்கின் மட்டுமே.

அந்த ஒருமைப்பாட்டுக்கு ஒரு விலையும் இருந்தது. 1942ல் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். விரிகுடாப் பகுதிக் குடும்பங்கள் பல, சான் புரூனோ நகரின் தான்போரன் பந்தயத் திடலில், குதிரை லாயங்களில்கூடத் தங்கவைக்கப்பட்டன.

பழி சுமத்தாத தளபதி

தாக்குதலின்போது பசிபிக் கடற்படைக்குத் தலைமை வகித்தவர் அட்மிரல் ஹஸ்பண்ட் கிம்மல். அந்தப் பதவி அவருக்கு முன் நிமிட்ஸிடம்தான் பேசப்பட்டது. தம்மிலும் மூத்தோர் பலர் இருப்பதாகக் கூறி அவர் மறுத்திருந்தார். ஏற்றிருந்தால் கிம்மலுக்கு நேர்ந்த பதவி நீக்கமும் அவப்பெயரும் அவரைச் சேர்ந்திருக்கக்கூடும். நிமிட்ஸ் இதை மறக்கவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. டிசம்பர் 31ஆம் தேதி பொறுப்பேற்றதும் கிம்மலின் அதிகாரிகள் எவரையும் அவர் வெளியேற்றவில்லை. எச்சரிக்கத் தவறியதாகத் தம்மையே நொந்துகொண்டிருந்த உளவுத்துறை அதிகாரி எட்வின் லேட்டனையும் பதவியில் வைத்துக்கொண்டார்.

எரிபொருள் கிடங்குகள், பழுதுபார்க்கும் தளங்கள், நீர்மூழ்கித் தளம் ஆகியவற்றை ஜப்பானிய விமானங்கள் விட்டுச் சென்றிருந்தன. விமானந்தாங்கிக் கப்பல்கள் அன்று துறைமுகத்தில் இல்லை. அழிவைவிட, எஞ்சியது எது என்பதையே நிமிட்ஸ் கணக்கிட்டார்.

அந்த ஜப்பானிய விமானந்தாங்கிகளில் ஐந்து, 1942 ஏப்ரலில் இந்துமாக்கடலுக்கு வந்து கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. ஜூனில் மிட்வே தீவருகே நான்கு ஜப்பானிய விமானந்தாங்கிகள் மூழ்கடிக்கப்பட்டன; அவற்றில் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இலங்கையைத் தாக்கியவை. உடைத்தறியப்பட்ட சங்கேதச் செய்திகளைக் கொண்டு லேட்டன் போன்றோர் செய்த கணிப்பை நம்பி, எஞ்சிய கப்பல்களை நிமிட்ஸ் அங்கு அனுப்பியிருந்தார்.

1945 செப்டம்பர் 2ஆம் தேதி ஜப்பானின் சரணடைவு ஆவணத்தில் அமெரிக்காவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவரே. கிம்மலைக் குறைகூற அதன் பின்னரும் அவர் முன்வரவில்லை. எச்சரிக்கை கிடைத்துக் கப்பல்கள் ஆழ்கடலுக்குச் சென்றிருந்தால் அவற்றை மீட்கவே முடியாமல் போயிருக்கும் என்பது அவரது கருத்து.

காஷ்மீர்ப் பணி

1949ல் காஷ்மீர் பொதுவாக்கெடுப்பு நிர்வாகியாக ஐ.நா. அவரை நியமித்தது. படைகளை விலக்கிக்கொள்வது குறித்து இந்தியாவும் பாகிஸ்தானும் உடன்படவில்லை. வாக்கெடுப்பு நடக்கவேயில்லை, 1953ல் நிமிட்ஸ் விலகினார்.

1966 பிப்ரவரி 20ஆம் தேதி விரிகுடாவிலுள்ள யெர்பா புவெனா தீவில் அவர் காலமானார். தம்முடன் போரிட்ட தளபதிகள் சிலரின் அருகே, சான் புரூனோவில் அடக்கம் செய்யப்பட்டார். தன் வரலாற்றை அவர் எழுதவில்லை. எழுதினால் யாரையேனும் புண்படுத்த நேரும் என்று தவிர்த்துவிட்டார்.