வின்சென்ட் வான்கோ சித்திரம் பயின்ற வரலாறு

மாந்தர் உருவை உள்ளவாறே வரைதல் சித்திரத்தொழிலில் மிக அரியதொரு பகுதியாகும். மரத்தின் கிளையொன்று சிறிது பிறழ்ந்தாலும் காண்போர் பொறுப்பர். மனிதனுடைய கையொன்று அளவின் மிக்கு நீண்டுவிடின் சிறுவரும் நகைப்பர். அவ்வருந்தொழிலை 27-ஆம் வயதில் முதற்பாடத்திலிருந்து கற்கத் தொடங்கி, இறக்குமளவும் கற்றுக்கொண்டே இருந்த ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் ஹாலந்து தேசத்து ஓவியராகிய வின்சென்ட் வான்கோ என்பார். அவர் தீட்டிய வண்ணப்படங்களை உலகம் நன்கறியும். அவற்றிற்கு அடிப்படையாய்க் கிடந்த உழைப்பையோ பலர் அறியார்.

வான்கோ 1853-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் ஸுண்டர்ட் என்னும் சிற்றூரில் பாதிரியார் ஒருவர்க்கு மகனாகத் தோன்றினர். 16-ஆம் வயதில் சித்திர வணிகசாலை ஒன்றில் அமர்ந்து, 1876-இல் அவ்வேலையினின்று நீக்கப்பட்டார். பின்னர் இங்கிலாந்திற் பள்ளியாசிரியராயினர், புத்தகக்கடையிற் பணிபுரிந்தனர், சமயக் கல்வி பயிலப் புகுந்து அதனையும் விடுத்தனர். பெல்ஜியத்தில் போரினாஜ் என்னும் சுரங்கநாட்டில் நிலக்கரித் தொழிலாளரிடைச் சமயத்தொண்டு செய்தனர். 1879-இல் அப்பணியும் அவரை விட்டு நீங்கிற்று. பெற்றோர் இவர் நிலையெண்ணிக் கவன்றனர். இந்நிலையில், 1880-இல், ஓவியனாவதே தம் வாழ்க்கையெனத் துணிந்தார். இவர்தம் இளவல் தியோ என்பார் அவ்வணிகசாலையிலேயே வேலைபார்த்து, தமையனார்க்கு இறுதிவரை பொருளுதவி வந்தனர். ஆதலின் கோணிய கோடு ஒவ்வொன்றும் தம்பியின் பொருளைச் செலவழித்த கோடாயிற்று. அவ்வுணர்ச்சி இவர் உள்ளத்தை விட்டு என்றும் அகன்றிலது.

கற்ற முறையைக் காண்போம். இவர் முன்பு பணிசெய்த வணிகசாலையின் தலைவர் ஒருவர், சார்ல் பார்கு என்னும் பிரெஞ்சுக்காரர் இயற்றிய சித்திரப் பாடத்தாள்களை அனுப்பினர். அவற்றுள் ஒரு தொகுதி, ஆடையற்ற மாந்தருருவங்களைக் கரிக்கோலால் வரைந்து பழகுதற்குரிய 60 தாள்களையுடையது. அவற்றை ஒருமுறையன்று, பன்முறை பார்த்தெழுதினார். உழவர் தொழில்களை மில்லே என்பார் வரைந்த படங்களையும் அவ்வாறே எழுதிப் பழகினார். பிரஸ்ஸல்ஸ் நகரடைந்து, எலும்புக்கூட்டையும் தசைகளையும் காட்டும் உடற்கூற்றுப் படங்களைப் பெரிய தாள்களில் வரைந்து கற்றார். தோலின் மேல் தோன்றும் மேடுபள்ளங்கள் உள்ளிருக்கும் எலும்பினாலும் தசையினாலும் ஆயவை. உள்ளதை அறியாதான் புறத்ததைப் பிழையின்றி எழுதான் என்பதை அவர் கண்டுகொண்டார்.

1881-இல் பெற்றோர் இல்லத்தில் தங்கி, மண்வெட்டுவோன், விதைப்போன், துடைப்பமேந்திய பெண் முதலியோரை எதிரே நிறுத்தி, ஒரு நிலையையே பலவாறு திருப்பி வரைந்தார். பின் ஹேகு நகரில், உறவினரும் ஓவியருமாகிய ஆன்டன் மாவ் என்பாரை ஆசிரியராக அடைந்தார். சாந்தாற் செய்த படிமங்களை நோக்கி வரையுமாறு அவர் கூற, உயிருள்ள மாந்தரையே வரைவேனென்று வான்கோ சினந்து, அப்படிமங்களை உடைத்துக் கரித்தொட்டியில் எறிந்தனர். ஆசிரியர் தொடர்பு அற்றது. 1882-இல், நூல்கள் குறுக்கிட்டோடும் மரச்சட்டமொன்றைச் செய்வித்து, அதனூடே நோக்கித் தொலைவையும் அளவையும் ஒத்திட்டுக் கண்டு வரைந்தார்.

நியூனன் என்னும் ஊரில், 1885-இல், உழவர் குடும்பமொன்று விளக்கொளியில் உருளைக்கிழங்குண்ணும் காட்சியைத் தீட்டினார். அதற்கென முன்னரே உழவர் முகங்கள் பலவற்றை எழுதியிருந்தார். அப்படத்தின் கல்லச்சுப் பிரதியைக் கண்ட நண்பர் வான் ராப்பார்ட், கையும் மூக்கும் பிழைபட்டனவென்று கடிந்தெழுதினர். வான்கோ வருந்தினார், அளவு பிழையாதிருந்தும் உழைக்கும் உழவனாகத் தோன்றாத உருவத்தினும், பிழையுளதாயினும் உழைப்புத் தோன்றும் உருவமே சிறந்ததென வழக்காடினார். நட்பும் நலிந்தது. எனினும், கேண்மின் அன்பர்களே! வாதத்தில் விட்டுக்கொடாத அவர் பயிற்சியில் விட்டுக்கொடுத்தார். அக்கோடையிலேயே அறுவடை செய்வோரைப் பெரிய உருவில் வரைந்து பழகினார். ஓரக்கோட்டை முதலில் இழுத்தலை விடுத்து, தலை, மார்பு, இடை முதலியவற்றை முட்டைவடிவாகிய திரட்சிகளாகக் கொண்டு அமைக்கும் முறையைக் கைக்கொண்டார். அதன்பின் அவருடைய உருவங்கள் நிலத்தில் ஊன்றி நின்றன.

1886-இல் ஆன்ட்வெர்ப் கலைக்கழகத்திலும், பின் பாரிசில் கார்மோன் என்பாரது பயிற்சிக்கூடத்திலும் சேர்ந்து, இளைஞர் நடுவே அமர்ந்து, எதனை வரைக? முன்னே தாம் உடைத்தெறிந்த அச்சாந்துப் படிமங்களையே வரைந்தனர்.

1890-ஆம் ஆண்டில், ஓவேர் என்னும் ஊரில் வாழ்ந்தபோது, பார்குவின் அப்பழைய பாடத்தாள்களை அனுப்புமாறு தம்பிக்கு எழுதினார். 60 தாள்களையும் மீண்டும் எழுதவேண்டும். அளவுணர்ச்சியைப் பேணாவிடில் பின்னர் இடர்ப்பட நேரும் என்பது அவர் கருத்து. அப்பொழுது அவர் ஒப்பற்ற ஓவியங்கள் பலவற்றை முடித்திருந்தார். மனநோயாற் பெரிதும் நைந்த அவர், அவ்வாண்டு சூலை 29-ஆம் நாள், துப்பாக்கியாற் தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட புண்ணால் 37-ஆம் வயதில் உயிர்நீத்தார்.

அவர் பயின்ற காலம் பத்தாண்டே. வயது கடந்ததென்று கல்வியைக் கைவிடுவாரும், சிறிது கைவந்தவுடன் முதற்பாடத்தை இகழ்வாரும் நம்மிடையே பலர். பிழை சுட்டியவரை வெறுக்கலாம். பிழையை வெறுத்துத் திருத்தாதிருத்தல் ஆகாது. முதல் ஏட்டை மீண்டும் கையிலெடுக்க நாணாமையே கற்றார்க்கு அணியாமென்பதை இவ்வோவியர் வாழ்க்கை நமக்கு அறிவுறுத்துகின்றது.