இராமானுஜனின் செருப்பு

கணித மேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் பலருக்கு 1729 என்ற எண் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய செருப்பு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், டிரினிட்டி கல்லூரி முற்றத்தில் மற்றவர்கள் சப்பாத்து அணிந்து மிடுக்காக நடந்தபோது, இவர் வீட்டுக்குள் போடும் செருப்போடு அசைந்து அசைந்து நடந்து போவார். சப்பாத்து அவர் காலை வலிக்கச் செய்தது. அவ்வளவுதான் காரணம்.

இந்தச் செய்தி வேடிக்கைத் துணுக்காகவே பெரும்பாலும் நம்மிடம் வந்து சேர்கிறது. மேதை என்றால் இப்படித்தான் ஏதாவது விநோதம் இருக்கும் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. அவருடைய கணிதத்தை விளக்க என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் அவருடைய உடம்பைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். துணி, காலணி, குளிர், சாப்பாடு ஆகிய நான்கும் அந்த 32 வயது வாழ்க்கையில் எவ்வளவு இடம் பிடித்தன என்பதைப் பார்ப்போம்.

பேசாத பிள்ளை

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள்.

மூன்று வயது வரை குழந்தை அதிகம் பேசவில்லை. கோயிலில் கொடுத்தால் மட்டுமே சாப்பிடுவேன் என்று அடம்பிடித்த காலமும் உண்டு. வேண்டியது கிடைக்காவிட்டால் மண்ணில் விழுந்து புரளும். வீட்டில் உள்ள பித்தளை, செம்புப் பாத்திரங்களை எல்லாம் எடுத்து, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை வரிசையாக அடுக்கி வைக்கும்.

பிள்ளை பேசவில்லையே என்று கவலைப்பட்ட குடும்பம் ஒரு வழி கண்டது. காஞ்சிபுரத்தில் தாத்தா தரையில் அரிசியைப் பரப்பினார். பேரனின் கையைப் பிடித்து, எழுத்தின் ஒலியைச் சொல்லிக்கொண்டே அரிசியில் எழுத வைத்தார். நம் வீடுகளில் இன்றும் விஜயதசமி நாளில் நடக்கும் அதே வழக்கம்தான். இராமானுஜனுக்கு அது சடங்காக மட்டும் நின்றுவிடவில்லை. விரல் நுனியில் அரிசி உரச, காதில் ஒலி விழ, எழுத்து உள்ளே போனது. கொஞ்ச நாளில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் வரிசையாக வந்தன. பேச்சும் வந்தது.

பின்னாளில் சென்னையில் ஒரு பள்ளியில் சேர்த்தபோது அவருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஒரு காவலரின் உதவியையே குடும்பம் நாட வேண்டியிருந்தது.

பட்டம் கட்ட வரவில்லை

இப்படி எழுதும்போது அவருக்கு இன்ன குறைபாடு இருந்தது என்று சொல்ல வருகிறேன் என நினைத்துவிடாதீர்கள். இறந்து நூறு ஆண்டுக்கு மேலான ஒருவரை யாரும் பரிசோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் அவர் பட்ட சிரமத்தைப் புரிந்துகொள்ள இன்று நம்மிடம் சில சொற்கள் இருக்கின்றன.

சட்டை போட்ட சில நிமிடங்களில் அது உடம்பில் இருப்பதையே நாம் மறந்துவிடுகிறோம். ஒரே மாதிரி வந்துகொண்டிருக்கும் தொடு உணர்வை மூளை ஒதுக்கி வைத்துவிடுவதால் இது நடக்கிறது. சிலருக்கு அந்த மறதி எளிதில் வருவதில்லை. தையலின் முடிச்சு காலையில் உறுத்தியது போலவே மாலையிலும் உறுத்தும். மற்றவர்களுக்குச் சாதாரணமான ஒலி இவர்கள் காதில் குத்தும். இதைப் புலன் கூருணர்வு என்று சொல்லலாம். அமெரிக்க சிகிச்சையாளர் ஜீன் ஏர்ஸ் 1972இல் வெளியிட்ட நூல் இந்தத் துறைக்கு அடித்தளம் இட்டது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக இதையும் சேர்த்துக்கொண்டது. ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இது உண்டு.

காஜாங்கில் வளர்ந்த எனக்கும் உண்டு. புதுச் சட்டை வாங்கினால் கழுத்துக்குள் தைத்திருக்கும் லேபிளை முதலில் கத்தரித்து எடுப்பேன். காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போடுவேன். அப்போதுதான் விரல் நுனியில் தையல் படாது. பேரங்காடிக் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரம் அலறினால் ஈரக் கையோடு வெளியே ஓடி வந்துவிடுவேன். தீபாவளிக்கு அம்மா ஆசையாக வாங்கித் தரும் ஜரிகை உடையை அணிந்திருந்தால், வீட்டுக்கு வந்த அத்தை என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. ஜரிகை உரசியது மட்டும் தெரியும். இடைநிலைப்பள்ளியில் சீருடையின் கழுத்து உறுத்துகிறது என்று சொன்னபோது, செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை என்ற பெயர்தான் கிடைத்தது.

ஆகவேதான் இராமானுஜன் பற்றிய நூல்களைப் படிக்கும்போது, சூத்திரங்களுக்கு நடுவே எங்கெல்லாம் அவர் உடம்பு பேசுகிறது என்று தேடினேன்.

திண்ணையும் பலகையும்

கும்பகோணத்தில் அவருடைய படிப்பறை வீட்டுத் திண்ணை. காலை மடித்து உட்கார்ந்து, பெரிய கற்பலகையை மடியில் வைத்துக் கணக்குப் போடுவார். காகிதம் வாங்கக் காசில்லை. துணியால் துடிக்க நேரமில்லை, முழங்கையாலேயே அழிப்பார். முழங்கை கறுத்துப் போயிருக்கும். தெருவின் சத்தம் அவரை அசைக்கவில்லை.

இதையும் கவனியுங்கள். கூருணர்வு எல்லாப் புலனிலும் ஒரே அளவில் இருக்க வேண்டியதில்லை. சந்தைச் சத்தத்தில் நிம்மதியாகப் படிப்பவருக்கு ஒரு சப்பாத்து தாங்க முடியாததாக இருக்கலாம். அந்தச் சத்தம் தாங்குகிறது, இது மட்டும் ஏன் தாங்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

கணிதத்தைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாததால் கல்லூரியில் அவர் தேறவில்லை. முதலில் கும்பகோணத்திலும் பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் படிப்பு பாதியில் நின்றது. 1909இல் ஜானகியுடன் திருமணம் நடந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் எல்லாவற்றையும் மாற்றியது. அடுத்த ஆண்டு இங்கிலாந்து செல்ல முடிவானது.

குடுமி போனது, கழுத்துப் பட்டை வந்தது

புறப்படுவதற்கு முன் அவரை ஆங்கிலேயராக மாற்றும் வேலை நடந்தது. குடுமி வெட்டப்பட்டது. ஒரு பேராசிரியர் மோட்டார் சைக்கிளின் பக்கத்துப் பெட்டியில் உட்கார வைத்து, கடை கடையாக அழைத்துச் சென்று மேலைநாட்டு உடை வாங்கிக் கொடுத்தார். கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 26 ஆண்டுகள் பருத்தி வேட்டி மட்டுமே பழகிய உடம்புக்குச் சில நாட்களில் இத்தனை மாற்றம். 1914 மார்ச் 17ஆம் தேதி நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14இல் லண்டன் சேர்ந்தார்.

வேட்டிக்கும் கம்பளி உடைக்கும் தோல் அளவில் என்ன வேறுபாடு? கம்பளி இழை சுமார் 30 மைக்ரோமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், அதன் முனை வளையாமல் தோலைக் குத்தும். அங்கேயுள்ள வலி நரம்புகளே அதை உணர்கின்றன. காலும் அப்படித்தான். வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர்களின் பாதம் முன்பகுதியில் விரிந்திருக்கும். ஒடுங்கிய தோல் சப்பாத்துக்குள் அது அடங்காது. இராமானுஜனின் வேதனையில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு இயல்பான கூருணர்வு என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டிய தேவையும் இல்லை. வலித்தது என்பது உண்மை.

கல்லூரி முற்றத்தில் செருப்போடு நடந்தால் அது ஒழுங்கீனம் என்று அவரைத் துரத்தியிருக்கலாம். யாரும் அப்படிச் செய்யவில்லை. அந்தச் சின்ன விட்டுக்கொடுத்தலுக்குப் பின்னால் பெரிய கணிதம் வளர்ந்தது.

கேட்கப்பட்ட ஒரு கேள்வி

இராமானுஜனின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி ஒரு போர்வையைப் பற்றியது. கிங்ஸ் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகாலநோபிஸ் அவருக்கு நண்பர். ஒரு குளிர்காலத்தில் மகாலநோபிஸ், இரவில் குளிர் தெரியாமல் தூங்க முடிகிறதா என்று விசாரித்தார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது என்று இராமானுஜன் சொன்னார்.

போர்வை போதவில்லையோ என்று நண்பர் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் போர்வைகள் நிறையவே இருந்தன. ஆங்கிலேய வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே விரிப்பைப் பரப்பி வைத்திருந்தார்கள். பாயில் படுத்துப் பழகியவர் விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார். போர்வையை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று மகாலநோபிஸ் செய்து காட்டினார்.

கணிதத்தில் முடிவிலியைத் தொட்டவருக்குப் போர்வை தெரியவில்லையே என்று இதையும் சொல்லிச் சிரிப்பார்கள். நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அந்தக் குளிரை அவராக வந்து யாரிடமும் முறையிடவில்லை. நண்பர் கேட்ட பிறகுதான் சொன்னார். தீர்வுக்கு ஒரு காசு செலவில்லை. கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

குளியலறையில் கணிதம்

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. இராமானுஜன் தீவிர சைவர். கல்லூரிச் சமையலை நம்பாமல் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். நேரம் தவறிச் சாப்பிடுவதும் சாப்பிடாமல் கிடப்பதும் வழக்கமாயின. 1917 வசந்தத்தில் நோயில் விழுந்தார்.

காசநோய் என்று மருத்துவர்கள் கருதினார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் திறந்த வெளிக் காற்றே சிகிச்சை. சானிடோரியம் எனப்படும் மருத்துவ இல்லங்களில் சன்னல்களைத் திறந்து வைத்து, கணப்பு இல்லாமல் நோயாளியைக் குளிரில் கிடத்துவார்கள். குளிரை எவராலும் தாங்க முடியாத இடத்தில், குளிரையே தாங்காத உடம்பு கிடந்தது. கும்பகோணத்துச் சாப்பாட்டை அங்குள்ள சமையல்காரரால் செய்து தர முடியவில்லை. இங்கிலாந்தில் பணியாற்றிய இராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் 1918இல் மேட்லாக் என்ற ஊருக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு, கவலையோடு ஹார்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். சாப்பாட்டைப் பற்றித்தான் அதில் நிறைய இருந்தது.

அந்த நாட்களில் இராமானுஜன் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டடத்தில் கதகதப்பான இடம் குளியலறைதான். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு தினமும் அங்கே போய் உட்கார்ந்து கணக்குப் போடுவார். அதே 1918இல் அவர் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்வு பெற்ற முதல் இந்தியரும் ஆனார். வெளியே அத்தனை பெருமை. உள்ளே, உடம்பு ஒத்துழைக்கும் ஓர் இடத்தைத் தேடி அலைந்த மனிதர்.

1919 மார்ச்சில் தாயகம் திரும்பினார். நோய் விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புதிய கண்டுபிடிப்பைத் தெரிவித்தார். ஏப்ரல் 26ஆம் தேதி சென்னையில் காலமானார். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயே அவரைக் கொன்றிருக்கலாம் என்று பின்னாளில் ஆவணங்களை ஆராய்ந்த ஒரு மருத்துவர் கருதினார். அந்தக் கடைசி ஆண்டின் தாள்கள் 1976இல் டிரினிட்டி நூலகத்தில் மீண்டும் கிடைத்தன.

நமக்கு என்ன?

கூருணர்வு இருந்தால் மேதையாகிவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். எனக்கு அது இருக்கிறது; கால்குலஸ் பாடத்தில் இன்னமும் திணறிக்கொண்டுதான் இருக்கிறேன். உறுத்துகிறது என்று சொல்பவர் மேதையாக இருந்தால்தான் நம்புவோம் என்பதும் நியாயமில்லை.

நம்மோடு படிப்பவர்களில் இப்படிச் சிலர் இருப்பார்கள். விரிவுரை மண்டபத்துக் குளிர்சாதனத்தில் எல்லாரும் சும்மா இருக்க, குளிராடையைத் தலை வரை இழுத்து மூடியிருப்பவர். நாற்காலி தரையில் உரசினால் காதைப் பொத்துபவர். கல்லூரி விழாவில் உறுமி மேளம் தொடங்கியதும் காணாமல் போகிறவர். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுபவர். அவர்களுக்குப் பெரிய திட்டம் எதுவும் உடனே தேவையில்லை. இடம் மாற்றி உட்கார அனுமதி, காதடைப்பான் போட்டுக்கொள்ளச் சம்மதம், மென்மையான துணியில் தைத்த சீருடை ஆகியவை போதும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை ஓர் உடையை வேண்டாம் என்றால், நிறத்தைக் காட்டிப் பேசுவதற்கு முன் அதன் உள்பக்கத் தையலைத் தடவிப் பாருங்கள்.

மகாலநோபிஸ் பின்னாளில் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். ஒரு நாட்டின் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு அளந்தவர் அவர். அதற்கு வெகு முன்பே, பக்கத்துக் கல்லூரியில் படித்த ஒரு நண்பனிடம் இரவில் குளிர்கிறதா என்று கேட்டிருந்தார். உங்கள் விடுதி அறைத் தோழரிடமோ வகுப்பு நண்பரிடமோ இந்த வாரம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், சிரிக்காமல் போய்ப் போர்வையைப் பாருங்கள்.