நாஸ்மித்தின் சம்மட்டி

தெலுக் இந்தான் என்றதும் உங்களில் பலருக்கு 1885இல் கட்டப்பட்ட சாய்ந்த கோபுரம் நினைவுக்கு வரும். எனக்கோ, ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் சித்தப்பாவின் பட்டறைதான் முதலில் நினைவுக்கு வரும். தாத்தா தோட்டத்துக் கொல்லர். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் பால்வெட்டும் கத்தி, செம்பனை வந்த பிறகு குலை வெட்டும் அரிவாள் எல்லாம் அந்த உலையில் பிறந்தவைதாம். தாத்தா குறட்டில் இரும்பைப் பிடித்துக்கொள்ள, எதிரே நின்று சம்மட்டி அடித்தவர் என் பாட்டி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடித்தார். இன்று அவரால் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. தலை சீவிவிட என் தங்கைதான் வேண்டும்.

சித்தப்பாவுக்குச் சம்மட்டி அடிக்க ஆள் இல்லை. எனவே சென்ற பருவ விடுமுறையில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு விசைச்சம்மட்டி செய்யத் தொடங்கினோம். பழைய லோரியின் ஸ்பிரிங் பட்டை, ஒரு கார் டயர், ஒரு மின்மோட்டார், இரும்புக் கடையில் கிலோ கணக்கில் வாங்கிய இரும்பு, இவ்வளவுதான் மூலதனம். அந்த வேலையின் போதுதான் ஜேம்ஸ் நாஸ்மித்தைப் பற்றித் தேடிப் படித்தேன். நீராவிச் சம்மட்டியைத் தந்தவர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துபோன பெயர். ஆனால் அவருடைய வாழ்க்கை ஒரு வரியில் அடங்குவதன்று.

நாஸ்மித் 1808ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் புகழ்பெற்ற ஓவியர்; கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை வரைந்தவர். வீட்டிலேயே ஒரு சிறு பட்டறையும் வைத்திருந்தார். மகனுக்குப் பள்ளிக்கூடத்து இலத்தீன் ஏறவில்லை. பட்டறை ஏறியது! பதின்ம வயதிலேயே சிறு நீராவி இயந்திரம் ஒன்றைச் செய்து, தந்தையின் வண்ணங்களை அரைக்க வைத்துவிட்டார். பித்தளை வார்க்கும் உலையை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? தம் படுக்கையறையில்! தந்தையின் உறக்கம் கலையக்கூடாதே என்று இரவில் ஓசை எழாமல் மணலை இடித்து அச்சு செய்வாராம். மாதிரி இயந்திரங்களைச் செய்து விற்ற பணத்தில் பல்கலைக்கழக விரிவுரைகளுக்குக் கட்டணம் கட்டினார். கல்விக் கடனை எண்ணித் தூக்கம் தொலைக்கும் நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

1829இல், என்னைவிட இளையவராக, இலண்டனுக்குச் சென்றார். அக்காலத்தின் தலைசிறந்த இயந்திரக் கலைஞர் ஹென்றி மாட்ஸ்லியிடம் சேர வேண்டும் என்பது அவர் கனவு. மாட்ஸ்லியோ பயிற்சி மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதையே நிறுத்தியிருந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்க்க மட்டும் அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் உலைச் சாம்பலை அள்ளிக்கொண்டிருக்க, அந்த வேலை கிடைத்தாலும் மகிழ்வேன் என்றாராம் இளைஞர். பிறகு அவர் செய்த மாதிரிகளைக் கண்ட மாட்ஸ்லி, தம் தனிப்பட்ட உதவியாளராகவே அமர்த்திக்கொண்டார். வாரம் பத்து ஷில்லிங் சம்பளம். அதற்குள் வாழ வேண்டுமென்று, வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் தானே சமைத்து வைக்கும் எண்ணெய் விளக்கு அடுப்பு ஒன்றையும் செய்துகொண்டார்.

மாட்ஸ்லி 1831இல் மறைந்தார். நாஸ்மித் 1834இல் மான்செஸ்டரில் சிறு தொழிலகம் தொடங்கி, 1836இல் அருகிலுள்ள பாட்ரிகிராஃப்டில் பெரிய ஆலை அமைத்தார். அங்குதான் நம் கதைக்கு வேண்டிய சம்மட்டி வருகிறது.

1839இல் பிரிட்டன் பேரரசின் மிகப்பெரிய கப்பலான 'கிரேட் பிரிட்டன்' உருவாகிக்கொண்டிருந்தது. அதன் துடுப்புச் சக்கரத்துக்கு மாபெரும் இரும்பு அச்சு தேவைப்பட்டது. அதை அடித்து உருவாக்க எந்த ஆலையும் முன்வரவில்லை. காரணம் எளிது. அன்றைய இயந்திரச் சம்மட்டிகள் சக்கரத்தால் தூக்கப்பட்டு விழுபவை. சிறிய இரும்பென்றால் சம்மட்டி உயரத்திலிருந்து விழும். பெரிய இரும்பை வைத்தாலோ இடைவெளி குறைந்துவிடும். எப்போது பலத்த அடி வேண்டுமோ அப்போது மெல்லிய அடிதான் கிடைக்கும். நாஸ்மித் இதைச் சிந்தித்தார். பட்டடைக்கு நேர் மேலே நீராவி உருளையைத் தலைகீழாக நிறுத்தி, அதன் பிஸ்டன் தண்டிலேயே கனத்த இரும்புக் கட்டியைத் தொங்கவிட்டால் என்ன? நீராவி தூக்கும், விட்டால் விழும். நவம்பர் 24ஆம் நாள், அரை மணி நேரத்துக்குள் தம் குறிப்பேட்டில் வரைந்துவிட்டார்.

ஆனால் கப்பலுக்குத் துடுப்புச் சக்கரம் வேண்டாம், உந்துவிசிறியே போதும் என்று முடிவு மாறியது. அச்சும் வேண்டாம், சம்மட்டியும் வேண்டாம்! படம் ஏட்டிலேயே கிடந்தது. நாஸ்மித் ஊரில் இல்லாத ஒருநாள், பிரான்சின் லெ க்ரூசோ ஆலையைச் சேர்ந்த ஷ்னைடரும் பூர்தோனும் வந்தபோது, கூட்டாளி அந்த ஏட்டைக் காட்டிவிட்டார். 1842இல் நாஸ்மித் லெ க்ரூசோவுக்குச் சென்றபோது ஒரு மாபெரும் இரும்புப் பாகத்தைக் கண்டு வியந்தார். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், உங்கள் சம்மட்டியால்தான் என்கிறார்கள். தம் கற்பனை வேற்று நாட்டில் உயிரோடு அடித்துக்கொண்டிருப்பதை நேரில் கண்டார். ஊர் திரும்பி அவ்வாண்டு ஜூனில் காப்புரிமை பெற்றார். பூர்தோனே கண்டுபிடித்தார் என்போர் உண்டு. ஜேம்ஸ் வாட் 1784லேயே இக்கருத்தைப் பதிவு செய்துவிட்டார் என்பதும் உண்மை. மது கிண்ணத்தில் வைத்த முட்டையின் ஓட்டை மட்டும் உடைத்துக் கிண்ணத்தைத் தொடாமல் நின்று, அடுத்த அடியில் கட்டடத்தையே அதிரவைக்கும் அந்தச் சம்மட்டி. இதே முறையில் அவர் செய்த தூண் இறக்கும் இயந்திரம், பன்னிரண்டு மணி நேர வேலையை ஐந்து நிமிடத்துக்குள் முடித்தது.

இதுவரை அவரை வியந்தே படித்தேன். அடுத்துப் படித்தது உறுத்தியது. பாட்ரிகிராஃப்டில் தொழிற்சங்கத்தினர் வேலை நிறுத்தம் செய்தபோது, ஸ்காட்லாந்திலிருந்து அறுபதுக்கும் மேற்பட்டோரை வரவழைத்து அதை முறியடித்தார். தொழிற்சங்கங்களை விசாரித்த அரச ஆணையத்தின் முன், புதிய இயந்திரங்களால் வயது வந்த தொழிலாளர்களை 1,500இலிருந்து 750ஆகக் குறைத்ததாகவும், இலாபம் பெருகியதாகவும் தயக்கமின்றிச் சொன்னார். தோட்டத்து லயத்திலிருந்து வெளியேறிய குடும்பத்துப் பிள்ளையாகிய எனக்கு அந்த 750 பேரை எண்ணாமல் இருக்க முடியவில்லை. ஆனால் பாட்டியின் தோளையும் எண்ணாமல் இருக்க முடியவில்லையே! இரண்டையும் ஒரே தராசில் வைக்க இன்னும் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். நாஸ்மித் குறைத்தது கூலி வாங்கிய ஆட்களை, பாட்டிக்கு யார் கூலி கொடுத்தார்கள் என்று கேட்டார்.

1856இல், 48 வயதில், நாஸ்மித் தொழிலை விட்டு ஓய்வு பெற்றார். கென்ட்டில் வாங்கிய வீட்டுக்குச் சம்மட்டியின் பெயரையே வைத்தார். பிறகு தாமே செய்த தொலைநோக்கியால் நிலவைப் பார்த்து, அதன் மலைகளைச் சாந்தில் வடித்துப் படம்பிடித்து, 1874இல் கார்ப்பெண்டருடன் நூல் வெளியிட்டார். 1890ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இலண்டனில் மறைந்தார்.

எங்கள் சம்மட்டி முதல்நாளே தரையைப் பிளந்துவிட்டது. மிதியை அழுத்தினால் மோட்டாரின் உருளை டயரைத் தொட்டுச் சுழற்றும், அதுவரை சரி. அடித்தளம்தான் போதவில்லை. அடியில் மரக்கட்டைகளைக் கொடுத்து மறுபடி ஓட்டினோம். பாட்டி நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு எழுந்து வந்து, கையை வைக்காமல், காலால் மிதியை அழுத்தினார். அரிவாள் இரும்பு நீண்டது. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை. இரும்பு ஆறும்வரை அடித்தார். அடுத்த விடுமுறையில் மூன்றடி ஆழம் தோண்டிக் கான்கிரீட் போட வேண்டும்.