லூல்கந்துர டெய்லர் துரையும் கைவிடப்பட்ட காசும்

கலஹா, தெல்தோட்டைப் பக்கமிருந்து மலையேறி ஹேவாஹெட்டவின் லூல்கந்துர தோட்டத்துக்குப் போகிறவர்கள், இலங்கைத் தேயிலை பிறந்த இடத்தைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஜேம்ஸ் டெய்லர் உட்கார்ந்த கல்லிருக்கையும் அவர் வாழ்ந்த மரவீட்டின் புகைபோக்கியும் இன்றும் அங்கே உண்டு. பாடசாலைப் புத்தகங்கள் அவர் கதையைத் தேயிலையோடு முடித்துவிடுகின்றன. ஆனால் அந்த மனிதரின் வாழ்க்கைக்குள் இன்னொரு கதையும் இருக்கிறது. அது காசின் கதை. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட ஒரு பொருளாதாரமும், தனியார் அச்சடித்த பணமும், ஒரே நாளில் மூடப்பட்ட ஒரு வங்கியும் அதில் வருகின்றன. கிரிப்டோ நாணயத்தில் சேமிப்பைப் போடலாமா என்று நமது இளைஞர்கள் கேட்கும் இக்காலத்தில் அந்தக் கதையை அறிந்திருப்பது நல்லது.

டெய்லர் 1835 மார்ச் 29ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் கின்காடின்ஷயர் பகுதியில், ஓகன்பிளே என்ற ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை வண்டிச்சக்கரம் செய்யும் தச்சர். சிறு வயதிலேயே தாயை இழந்தார். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளத்தில் மூன்று வருட ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, 17 வயது நிறைவதற்கு முன்பே, 1852 பெப்ரவரியில் இலங்கை வந்து இறங்கினார். சில வாரங்களில் லூல்கந்துரவுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் சாகும்வரை அந்த மலைதான் அவருக்கு வீடு.

அவர் வந்த காலம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். 1840களில் கண்டிச் சீமையைக் கோப்பிப் பைத்தியம் பிடித்திருந்தது. 1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரிய நிலமாக்கியது. ஏக்கர் சில ஷிலிங்குக்கு விற்கப்பட்ட அந்த நிலத்தைத் தேசாதிபதி முதல் நீதிபதிகள், படை அதிகாரிகள் வரை வாங்கிக் குவித்தார்கள். பலர் மண்ணைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. விலை ஏறும், விற்றுவிடலாம் என்பதே கணக்கு. 1847இல் இங்கிலாந்தில் நிதி நெருக்கடி வந்தது, கோப்பி விலை சரிந்தது. பெருந்தொகை கொட்டப்பட்ட தோட்டங்கள் அற்ப விலைக்குக் கைமாறின, சில காடாகிப் போயின. ஐந்து வருடங்களின் பின் டெய்லர் வந்து சேர்ந்தபோது விலை மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தது. பழைய நட்டத்தை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகள் கோப்பியின் பொற்காலம். ஆனால் அந்தப் பொன்னின் பெரும்பகுதி கடன். தோட்டக்காரர் கொழும்பு ஏஜென்சி கம்பனியிடம் கடன் வாங்கினார், கம்பனி வங்கியிடம் வாங்கியது. பிணையாக வைக்கப்பட்டது, இன்னும் பறிக்கப்படாத கோப்பிப் பழம். அந்த வங்கிகளில் முதன்மையானது ஒரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம். 1842இல் பம்பாயில் பிறந்து, பின்னர் லண்டனைத் தலைமையிடமாக்கிக்கொண்ட வங்கி அது. 1851இல் அரச சாசனமும் பெற்றது. இலங்கை மக்களின் கைகளில் புழங்கிய நாணயத்தாள்களை அச்சடித்துக் கொடுத்ததும் அதுதான். இன்று நாம் அரசின் பணம், தனியார் பணம் என்று பிரித்துப் பேசுகிறோம். அன்று இலங்கையின் தாள் பணம் தனியார் பணமே. ஒரு வங்கியின் வாக்குறுதியைத் தவிர அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அந்தப் பணத்தில் நம்மவர்களின் உழைப்பும் இருந்தது. கிராமம் கிராமமாகச் சென்று குடியானவரின் கோப்பியை வாங்கியவர்களிலும், தவளமாடுகளில் மலைக்கும் கரைக்கும் பண்டம் ஏற்றியவர்களிலும் முஸ்லிம் வியாபாரிகள் முக்கியமானவர்கள். தோட்டத்தில் வேலை செய்த தமிழ்த் தொழிலாளருக்கோ பணத்தைக் கண்ணால் காண்பதே அரிது. சம்பளம் மாதக்கணக்கில் பிந்தும். கங்காணியிடம் பட்ட கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்படும். அந்தத் தொகையைக் கட்டும் தோட்டம் அந்த ஆட்களையே எடுத்துக்கொள்ளலாம். மனிதரின் கடனே கைமாறும் காகிதமான இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. டெய்லர் இந்த ஒழுங்கின் ஓர் அங்கம்தான், அதற்கு வெளியே நின்றவர் அல்லர். வரலாற்றை எழுதும்போது அதையும் மறைக்கக்கூடாது.

ஆனாலும் அவரிடம் ஒரு வித்தியாசம் இருந்தது. மற்றவர்கள் விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1860களின் நடுப்பகுதியில், மலேரியா மருந்துக்கான சிங்கோனா மரத்தை லூல்கந்துரவில் நட்டார். பேராதனைப் பூங்காவிலிருந்து தேயிலை விதை வாங்கிப் பாதையோரங்களில் வைத்துப் பார்த்தார். 1867இல் 19 ஏக்கரைத் துப்புரவாக்கி அசாம் இனத் தேயிலையைப் பயிரிட்டார். அப்போது கோப்பி செழித்துக் கொழித்தது, தேயிலையை யாரும் பெரிதாக எண்ணவில்லை. தன் பங்களா விறாந்தையில் மேசைமேல் வைத்துக் கையாலேயே இலையை உருட்டினார். களிமண் அடுப்பில் உலர்த்தினார். 1872 அளவில் ஒரு முழுத் தொழிற்சாலையை அமைத்தார், இலை உருட்டும் பொறியைத் தானே செய்தார். முதல் தேயிலை கண்டியில் விற்பனையானது. 1873இல் லண்டனுக்கு அனுப்பியது வெறும் 23 இறாத்தல். 1874இல் தேயிலை வேலையைக் கற்றுக்கொள்ள டார்ஜிலிங் போனார். நாற்பது ஆண்டுகளில் அவர் எடுத்த ஒரே விடுமுறை அது என்பார்கள்.

இதற்கிடையில் 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் துருப் போன்ற ஒரு பூஞ்சணம் தென்பட்டது. தொடக்கத்தில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. விளைச்சல் குறைந்தபோது உலகச் சந்தையில் விலை ஏறியதால், கணக்குப் புத்தகத்தில் நட்டம் தெரியவில்லை. விலை ஏறுகிறதே என்று 1870களில் இன்னும் காடு வெட்டினார்கள், இன்னும் கடன் கொடுத்தார்கள். செடி செத்துக்கொண்டிருந்தபோது அதன்மேல் எழுதிய கடன் வளர்ந்துகொண்டிருந்தது. 1870களின் இறுதியில் பிரேசில் கோப்பி சந்தைக்கு வெள்ளமாக வந்து விலையும் விழுந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அடுத்து பலர் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டதால் 1880களில் மரப்பட்டை குவிந்தது, குயினைன் விலை தரைமட்டமானது. ஒரு சூதாட்டத்தில் இழந்ததை இன்னொன்றில் பிடிக்கப் போனவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

1884 மே 3ஆம் திகதி ஒரியண்டல் வங்கி கதவை மூடியது. இலங்கைக் கோப்பித் தோட்டங்களிலும் வேறு நாடுகளிலும் கொடுத்த கடன் திரும்பவில்லை. வங்கியின் தாளை வைத்திருந்த கடைக்காரர், வண்டிக்காரர், கூலிக்காரர் எல்லோரும் கையிலிருப்பது பணமா, வெற்றுக் காகிதமா என்று தெரியாமல் திகைத்தார்கள். அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அப்போதைய தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அறிவித்தார். லண்டனின் அனுமதிக்குக் காத்திருக்காமல் தன் பொறுப்பிலேயே அதைச் செய்தார். பீதி அடங்கியது. ஆனால் அந்த உத்தரவாதம் நாணயத்தாளுக்கு மட்டுமே. வங்கியில் வைப்பிலிட்டவர்களை அது காப்பாற்றவில்லை.

அந்த வருட இறுதியில் 1884ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நாணயத்தாள் கட்டளைச் சட்டம் வந்தது. 1885 முதல் தாள் பணத்தை ஒரு நாணய ஆணையாளர் சபை வெளியிட்டது. அந்தச் சபையால் நினைத்தபடி அச்சடிக்க முடியாது. வெளியிடும் தாளுக்கு ஈடாக ஒரு பகுதி வெள்ளி நாணயமும், மீதி நம்பகமான பிணைப்பத்திரங்களும் இருக்க வேண்டும். ஆக, இலங்கையில் பணத்தை அரசு கையில் எடுத்தது அதிகார ஆசையில் அல்ல, தனியார் பணம் மக்களைக் கைவிட்டதால்தான். அப்படி எடுத்தபோது தன் கைக்கும் ஒரு விலங்கை மாட்டிக்கொண்டது.

அதே காலத்தில் இன்னொரு மனிதர் இந்நாட்டில் இருந்தார். எகிப்தின் ஒராபி பாஷா 1883 ஜனவரியில் கைதியாக இங்கே கொண்டுவரப்பட்டார். ஐரோப்பியக் கடன்காரர்கள் எகிப்தின் கஜானாவையே தம் மேற்பார்வையில் வைத்திருந்ததும் அவரது கிளர்ச்சிக்கு ஒரு காரணம். அவர் வந்து ஓராண்டு கழிந்தபோது, கடன் கொடுக்கும் வங்கி ஒன்றே கடனில் மூழ்கியதை இந்தத் தீவு கண்டது. அரசின் கையிலிருந்தாலும் வங்கியின் கையிலிருந்தாலும், கேள்வி கேட்பாரில்லாத பணம் ஆபத்துத்தான் என்பதை அந்தத் தலைமுறை இரு பக்கமும் பார்த்துவிட்டது.

வங்கி விழுந்தபின் மலைநாட்டை மீட்டது எந்தப் புதிய காசும் அல்ல. டெய்லரின் 19 ஏக்கர்தான். 1875இல் நாட்டில் தேயிலை ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் மட்டுமே இருந்தது. 1895இல் அது மூன்று இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. ஆனால் அதன் பலன் டெய்லருக்குக் கிட்டவில்லை. இறந்த வங்கியின் தோட்டச் சொத்துக்களைக் கையேற்ற ஒரியண்டல் வங்கித் தோட்டக் கம்பனியின் வசம் லூல்கந்துர இருந்தது. நாற்பது வருடம் உழைத்த மனிதரை 1892இல் அந்தக் கம்பனி வெளியேறச் சொன்னது. அவர் மறுத்தார். அந்த இழுபறிக்கிடையே வயிற்றுளைவு நோய் கண்டு, 1892 மே 2ஆம் திகதி தன் 57ஆவது வயதில் தோட்டத்திலேயே காலமானார்.

இந்த வாழ்க்கையை இன்றைய நிலையோடு வைத்துப் பார்க்கலாம். 1950இல் மத்திய வங்கி தொடங்கியபோது, நாணய ஆணையாளர் சபையின் விலங்கு கழன்றது. தேவைக்கேற்பப் பணத்தை வெளியிடும் சுதந்திரம் வந்தது. அந்தச் சுதந்திரத்தின் தவறான பாவனை 2022இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாமே அனுபவித்தோம். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த பெறுமதி சில வாரங்களில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. வாழ்நாள் சேமிப்பு பாதியாகக் கரைந்ததைக் கண்ட ஓர் இளைஞன், அரசின் பணத்தை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. கேள்வி நியாயமானது.

பிட்கொய்ன் அந்தக் கேள்விக்குப் பதிலா என்பதுதான் விடயம். 2021 நவம்பரில் அது 69,000 டொலரை எட்டியது. ஒரே வருடத்தில் 16,000 டொலர் அளவுக்கு இறங்கியது. பிறகு மீண்டும் ஏறி, முந்தைய உச்சத்தையும் கடந்தது. யாரும் நினைத்தபடி அச்சடிக்க முடியாது என்பது அதன் பலம், மறுக்கவில்லை. மொத்தம் 2 கோடி 10 இலட்சம் என்ற எல்லை அதில் உண்டு. ஆனால் விலை ஏறும் என்பதற்காக மட்டும் வாங்கப்படும் பொருள், 1840களின் காணியைப் போன்றதே. அதை வாங்கக் கடன் எடுத்தவன் 1870களின் தோட்டக்காரனைப் போன்றவன். கிரிப்டோ என்ற பெயரில் ஆள் சேர்த்துக் காசு பறிக்கும் திட்டங்கள் இன்னும் மோசம். 2023இல் மத்திய வங்கி அத்தகைய பல பிரமிட் திட்டங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. அவற்றில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உறவினரின், ஊராரின் வார்த்தையை நம்பியே சேர்ந்தார்கள்.

மார்க்க அறிஞர்களும் இதில் ஒரே கருத்தில் இல்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018இல் பிட்கொய்ன் வணிகத்தைக் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021இல் அதை நாணயமாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது. மலேசியாவின் பிணையங்கள் ஆணைக்குழுவின் ஷரீஆ சபையோ 2020இல், பதிவு பெற்ற தளங்களில் வாங்கி விற்பதை அனுமதித்தது. எனவே பத்வா ஒன்றைக் கைபேசியில் பகிர்ந்துவிட்டு விடயம் முடிந்தது என்று இருக்க முடியாது. நிச்சயமின்மையும் சூதும் எங்கே தொடங்குகின்றன என்று ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

டெய்லரின் காலம் நமக்கு விட்டுச்சென்ற கேள்விகள் மூன்று. இந்தப் பணத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதை வெளியிடுபவரின் கையைக் கட்டும் விதி எது? கதவு மூடப்படும் நாளில் பொறுப்பேற்க யார் வருவார்? இலங்கை ரூபாவிடமும் இவற்றைக் கேட்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், அரசாங்கத்துக்கு நேரடியாகப் பணம் அச்சடித்துக் கொடுப்பதைத் தடுக்கிறது. 1884இல் மாட்டி, 1950இல் கழன்ற விலங்கு வேறொரு வடிவில் திரும்பியிருக்கிறது. அதை எந்த அரசும் மெல்லத் தளர்த்திவிடாமல் பார்த்துக்கொள்வது, அரசை நம்பாதவர்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை. கிரிப்டோவிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அங்கே பதில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு, இழந்தாலும் குடும்பம் தாங்கும் அளவுக்கு மேல் போடாதிருப்பதே புத்தி. மகளின் கல்யாணக் காசையும் வெளிநாட்டில் உழைத்த காசையும் அதில் வைப்பது புத்தியாகாது.

டெய்லரின் உடலை லூல்கந்துரவிலிருந்து கண்டி மஹய்யாவ மையவாடிக்கு இருபத்துநான்கு தொழிலாளர்கள், பன்னிரண்டு பேராக மாறி மாறி, மலைப்பாதையில் தோள்கொடுத்துச் சுமந்தார்கள். அவர் வாழ்ந்த காலத்தில் நாட்டின் காசை அச்சடித்த வங்கியின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. அவர் நட்ட செடியின் கொழுந்தை ஹேவாஹெட்ட மலைகளில் இன்றும் பறிக்கிறார்கள். பறிப்பவர்களின் சம்பளம் வாழ்வதற்குப் போதுமா என்பது மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை தீராத கணக்காகவே கிடக்கிறது.